ஒரு விரல் நுனி மருந்து

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை ரியூப் எப்போதும் இருக்கும். எனக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டு கைகளிலும் கரப்பன். எக்ஸிமா என்று சொன்னால் உங்களில் பலருக்கு உடனே விளங்கும். லண்டன் குளிரில் விரல் மூட்டுகள் வெடித்து, பேனையைப் பிடித்தால் கோடு கோடாக இரத்தம் கசியும். வரலாற்றுப் பாடப் பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. பதில் தெரியாமல் அல்ல, கை மடங்கவில்லை.

ஒவ்வொரு இரவும் அம்மா அந்த ரியூப்பை எடுப்பார். ஒரு பயறளவு பிதுக்குவார். அதை இரண்டு கைக்கும் சேர்த்து, ஏதோ தங்கத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் பூசுங்கோ அம்மா."

"கனக்கப் பூசக் கூடாது பிள்ளை. தோல் மெலிஞ்சு போகும்."

ரியூப்பின் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: மெல்லியதாகப் பரப்பவும். ஆகவே அம்மா சொன்னது சரி என்றே நானும் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் மருத்துவ நிலையத்தில் ஒரு தாதி என் கைகளைப் பார்த்துவிட்டு, இந்த ரியூப்பை எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டார். போன வருசம் என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையோடு. சிக்கனமாகப் பாவித்திருக்கிறோம் அல்லவா? தாதி சிரிக்கவில்லை. தன்னுடைய சுட்டு விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை நீளமாக ஒரு கோடு மருந்தைப் பிதுக்கிக் காட்டினார். "ஒரு கைக்கு இவ்வளவு" என்றார்.

அம்மாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஒரு கோட்டை யார் கண்டுபிடித்தார்கள், "மெல்லியதாக" என்று எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதைத் தேடிப் போனபோதுதான், தோலில் பூசும் மருந்துக்கு இவ்வளவு பெரிய கதை இருப்பது எனக்குத் தெரிந்தது. அதில் எகிப்து இருக்கிறது, எண்ணெய்க் கிணறு இருக்கிறது, சோயாபீன்ஸ் தாங்கி இருக்கிறது, ஒரு சிறைச்சாலையும் இருக்கிறது.

கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட ஒரு எகிப்தியப் பப்பிரஸ் சுருள் உண்டு. எட்வின் ஸ்மித் பப்பிரஸ் என்று அதற்குப் பெயர். காயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது சொல்லும் வழி: முதல் நாள் பச்சை இறைச்சி வைத்துக் கட்டு, அடுத்த நாளிலிருந்து கொழுப்பும் தேனும் பஞ்சும் வை. தேனைப் படித்ததும் எனக்கு அம்மம்மாவின் நினைவு வந்தது. அவரும் சுட்ட புண்ணுக்குத் தேன்தான் தடவுவார். எங்கள் சித்த மருத்துவமும் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என்று பிரிக்கிறது. உள்ளே சாப்பிடுவதற்கு எத்தனை வகையோ, வெளியே பூசுவதற்கும் கட்டுவதற்கும் அத்தனை வகை. பூச்சு, பற்று, ஒற்றடம், களிம்பு, பசை எல்லாம் அந்தப் பட்டியலில் தனித்தனிப் பெயர்கள். பூச்சும் பற்றும் ஒன்றல்ல என்பதைக்கூட இதைப் படிக்கும்போதுதான் அறிந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை!

உரோமப் பேரரசில் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர், தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, அதில் தண்ணீரைச் சிறிது சிறிதாக அடித்துக் கலந்தார். தோலில் பூசியதும் தண்ணீர் ஆவியாகும், தோல் குளிரும். இன்று கடைகளில் விற்கும் 'கோல்ட் கிறீம்' என்ற பெயர் அந்தக் குளிர்ச்சியிலிருந்து வந்ததுதான். கிறீமுக்கும் ஒயின்மென்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. கிறீமில் தண்ணீர் நிறைய உண்டு, ஆகவே இலேசாகப் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒயின்மென்டு பெரும்பாலும் வெறும் கொழுப்பு. பிசுபிசுக்கும், உடுப்பில் ஒட்டும், ஆனால் வெடித்த தோலுக்கு மேல் ஒரு மூடிபோலக் கிடந்து ஈரத்தை வெளியே போகவிடாது.

கொழுப்புக்கு ஒரு தொல்லை இருந்தது. பல நூற்றாண்டுகளாகக் களிம்பு செய்தவர்கள் பன்றிக் கொழுப்பையே அதிகம் பாவித்தார்கள். அது நாள்போகப் பழுதாகி மணக்கும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஒரு மருத்துவரே அல்ல. ரொபர்ட் செஸ்பரோ என்ற இளம் இரசாயனவியலாளர். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் நிலத்தடி எண்ணெய் கிடைத்தபோது, திமிங்கில எண்ணெயிலிருந்து விளக்கெண்ணெய் வடித்துக்கொண்டிருந்த அவருடைய தொழில் ஆட்டம் கண்டது. என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போனார். அங்கே துளையிடும் தண்டுகளில் கறுப்பாக ஒரு மெழுகு ஒட்டி இயந்திரத்தை இறுக்கிப் பிடிப்பதையும், அதைத் திட்டிக்கொண்டே வழித்தெறியும் தொழிலாளர்கள் தங்கள் வெட்டுக் காயத்துக்கும் சுட்ட காயத்துக்கும் அதையே பூசுவதையும் கண்டார். வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வந்தார். பல வருடங்கள் வடித்து வடித்து அதை வெள்ளையாக்கினார். 1872இல் காப்புரிமை பெற்றார். அதுதான் வாசலீன்.

அதை விற்க அவர் செய்த வேலையை நீங்கள் ஒருபோதும் செய்ய வேண்டாம். ஊர் ஊராகப் போய், சனங்களின் முன்னால் தன் தோலை அமிலத்தாலும் நெருப்பாலும் சுட்டு, அதன்மேல் வாசலீனைப் பூசி, முன்பு சுட்டு ஆறிய தழும்புகளையும் காட்டுவாராம். 96 வயது வரை வாழ்ந்து 1933இல் இறந்தார். தினமும் ஒரு கரண்டி வாசலீன் சாப்பிட்டதாகவும் சொல்லிக்கொண்டார். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

வாசலீன் பழுதாகாது, மணக்காது, எந்த மருந்தையும் தனக்குள் ஏந்திக்கொள்ளும். ஆனால் அதற்குள் வைத்துத் தர நல்ல மருந்துதான் இல்லை. கரப்பனுக்குத் தாரும் துத்தநாகமும் பூசினார்கள். கொஞ்சம் கேட்கும், முழுதாகக் கேட்காது. இன்னும் மோசமானவையும் இருந்தன. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாதரசக் களிம்பைத் தோலில் தேய்த்து மேகநோய்க்கு வைத்தியம் செய்தார்கள். பாதரசம் தோல் வழியே உள்ளே போய், பற்களைக் கொட்டச் செய்து, எச்சிலை ஆறாக ஒழுகச் செய்தது. தோல் ஒரு சுவரல்ல, சிலவற்றை உள்ளே விடும் என்பதை மனிதர் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட நோயாளிகளின் உடம்பிலிருந்துதான்.

இனி என்னுடைய ரியூப்புக்குள் இருந்த மருந்தின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பிபோல இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வரும் பொருட்களை அமெரிக்காவின் மெயோ கிளினிக்கில் எட்வர்ட் கென்டலும், சுவிட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்ரைனும் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். கென்டல் அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தார். 1948 செப்டெம்பர் 21ஆம் திகதி, அவருடைய சக மருத்துவர் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு 'ஈ' என்ற பொருளை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அதுதான் கோர்ட்டிசோன். இரண்டே வருடங்களில், 1950இல், மூன்று பேருக்கும் நோபல் பரிசு.

மருந்து கிடைத்தது, ஆனால் கைக்கு எட்டவில்லை. கோர்ட்டிசோனை மாட்டின் பித்தநீரிலிருந்து செய்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். தங்கத்தைவிடப் பல மடங்கு விலை. இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்.

பேர்சி ஜூலியன் 1899இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அவருடைய பாட்டன் அடிமையாக இருந்தவர். அவர் வளர்ந்த ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு உயர்தரப் பள்ளிக்கூடமே இல்லை. அப்படியிருந்தும் வியன்னாவுக்குப் போய் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். திரும்பி வந்த பிறகு, வெள்ளையரின் பல்கலைக்கழகங்கள் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. சிக்காகோவில் கிளிடன் என்ற பெயின்ட் கொம்பனியின் சோயாபீன்ஸ் பிரிவில் வேலை கிடைத்தது. ஒருநாள் சோயா எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் தண்ணீர் கசிந்து, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து விட்டதென்று செய்தி வந்தது. வேறு யாராவது என்றால் தாங்கியைக் கழுவி ஊற்றியிருப்பார்கள். ஸ்டீரொய்ட் மருந்துகள் செய்யத் தேவையான மூலப்பொருள் அது என்று ஜூலியன் அறிந்துகொண்டார். 1949இல், சோயாவிலிருந்து 'எஸ்' என்ற பொருளைச் செய்யும் வழியை அவர் கண்டார். ஓர் ஒட்சிசன் அணுவைச் சரியான இடத்தில் சேர்த்தால் 'எஸ்' ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகிவிடும். அந்த இடத்தில் ஒட்சிசனைச் சேர்க்கும் கடினமான வேலையைச் சாதாரணப் பூஞ்சணம் ஒன்று செய்யும் என்பதை 1952இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாண் பழுதானால் பிடிக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பூஞ்சணம். விலை மளமளவென்று இறங்கியது.

ஜூலியன் 1950இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஓக் பார்க் என்ற இடத்தில் வீடு வாங்கினார். வெள்ளையர் வாழும் பகுதி. குடிபோவதற்கு முன்பே வீட்டைக் கொளுத்தப் பார்த்தார்கள். அடுத்த வருடம் டைனமைட் எறிந்தார்கள். தோல் நோயாளர்களுக்கு மருந்தை மலிவாக்கிய மனிதரை, அவருடைய தோலைப் பார்த்துத் துரத்த நினைத்தார்கள். அவர் அசையவில்லை, அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். 1993இல் அமெரிக்கா அவருடைய படத்தோடு முத்திரை வெளியிட்டது.

இனித் தோல் மருத்துவர்களின் முறை. கோர்ட்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது: கோர்ட்டிசோன் அப்படியே வேலை செய்யாது, ஈரல் அதை ஹைட்ரோகோர்ட்டிசோனாக மாற்ற வேண்டும். தோலில் பூசினால் அது ஈரலுக்குப் போய் மாறி வருவதற்கு வழியில்லை. 1952இல் நியூயோர்க்கில் மரியன் சல்ஸ்பேர்கரும் விக்டர் விற்றனும் நேரடியாக ஹைட்ரோகோர்ட்டிசோனையே பூசிப் பார்த்தார்கள். கென்டலின் பட்டியலில் அதன் பெயர் 'எஃப்'. கரப்பன் அடங்கியது. தார் மணமும் கட்டுத்துணியுமாக வாழ்ந்த நோயாளிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்த்தேன், கண் கலங்கியது.

இங்கே கதை முடிந்திருந்தால் அம்மா பயந்திருக்கத் தேவையில்லை. ஆனால் கொம்பனிகள் இன்னும் வலிமையானதைத் தேடின. வலிமையை எப்படி அளப்பது? 1962இல் மக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் ஒரு எளிய வழி சொன்னார்கள். மருந்தைக் கரைத்து முன்கையில் ஒரு சிறு இடத்தில் விட்டு, மூடி வைத்து, அடுத்த நாள் பாருங்கள். ஸ்டீரொய்ட் தோலுக்குக் கீழேயுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அந்த இடம் வெளிறும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு வலிமை. வெள்ளைத் தோலில் சுலபமாகத் தெரியும் சோதனை இது. என் கையில் செய்திருந்தால் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்திருப்பார்கள்.

இந்தச் சோதனையின் உதவியோடு பெட்டாமெதசோன், அதற்குப் பிறகு குளோபெட்டசோல் என்று ஒன்றையொன்று மிஞ்சும் மருந்துகள் வந்தன. குளோபெட்டசோல், ஹைட்ரோகோர்ட்டிசோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலியது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை ரியூப்பில் வந்தன. 1950களில் ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தாராளமாகப் பூசிப் பழகியவர்கள் இவற்றையும் அப்படியே பூசினார்கள். மாதக்கணக்காக, முகத்தில்கூட. 1960களிலேயே மருத்துவச் சஞ்சிகைகளில் முறைப்பாடுகள் வரத் தொடங்கிவிட்டன. தோல் காகிதம்போல மெலிகிறது. தொடை இடுக்கில் வரிவரியாகக் கோடுகள் விழுகின்றன. கன்னத்தில் சிவப்பு இழைகள் தெரிகின்றன. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரிகிறது.

அந்தப் பயத்தின் பிள்ளைதான் "மெல்லியதாக" என்ற சொல். பிரித்தானிய மருந்துக் கடைகள் ஒட்டும் எச்சரிக்கைத் துண்டில் அது இடம்பிடித்தது. ஒன்றைக் கவனியுங்கள். எந்த மருந்து, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தத் துண்டு அதையெல்லாம் விட்டுவிட்டு, எவ்வளவு மெல்லியதாக என்றும் சொல்லாமல், அளவின்மீது மட்டும் பழியைப் போட்டது. நொட்டிங்ஹாமில் கரப்பன் உள்ள 200 பேரிடம் கேட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 72.5 வீதமானோர் ஸ்டீரொய்ட் பூசுவதற்குப் பயப்படுவதாகச் சொன்னார்கள். அம்மா தனியாள் இல்லை.

ஆனால் பயப்படாதவர்களும் எங்கள் குடும்பத்தில் இருந்தார்கள். பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசிய வருடம், யாரோ ஒரு கடையில் ஒரு கிறீம் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது, நிறம் தரும் என்ற வாக்குறுதி கடைக்காரரின் வாயில் இருந்தது. மூன்று கிழமையில் அக்காவின் முகம் பளபளவென்று வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான். ஆறு மாதத்தில் வெயிலில் நின்றால் முகம் எரிந்தது. கன்னத்தில் மெல்லிய முடி முளைத்தது. கிறீமை நிறுத்திய வாரம், கலியாண அல்பத்தில் மறைக்க முடியாத அளவுக்கு முகம் சிவந்து பருக்கள் வந்தன. கைக்குப் பயறளவு பூச அஞ்சிய அதே குடும்பத்தில், அதே இன மருந்து, முகத்தில் தினமும் இரண்டு தடவை. யாருக்கும் அது ஒன்றென்று தெரியவில்லை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு, அது அழகான வரலாறு அல்ல. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேர்ட் கிளிக்மனும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு கலவையை வெளியிட்டார்கள்: ஹைட்ரோகுவினோன் 5 வீதம், ரெட்டினோயின் 0.1 வீதம், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் 0.1 வீதம். நோயற்ற கறுப்புத் தோலில் தினமும் பூசினால் ஐந்து முதல் ஏழு வாரங்களில் நிறம் நீங்குகிறது என்று அவர்கள் எழுதினார்கள். முகத்தில் விழும் மங்கு போன்ற கருமைக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கொஞ்சக் காலம் பூச இது உதவும், இன்றும் உதவுகிறது. ஆனால் இப்படிப்பட்ட மூன்று மருந்துக் கலவை இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் வெள்ளையாக்கும் கிறீமாகத் திரிந்தது.

கிளிக்மனைப் பற்றி இன்னொன்றும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1951இலிருந்து 1974 வரை, ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலைக் கைதிகளின் தோலில் அவர் பரிசோதனைகள் செய்தார். பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். தோலில் என்ன பூசுகிறார்கள், அதனால் என்ன வரலாம் என்று அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. கையில் கிடைத்தது சில டொலர்கள். முதுகில் சதுரம் சதுரமாகத் தழும்புகளோடு வெளியே வந்தவர்கள் உண்டு. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021இல், நகர நிர்வாகம் கேட்டது 2022இல். பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். முகச் சுருக்கத்துக்கும் பருவுக்கும் இன்று உலகமெல்லாம் பூசும் ரெட்டினோயினைப் புகழ்பெறச் செய்தவரும் இவர்தான். நல்ல மருந்தும் கெட்ட வழியும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்று என் வரலாற்று ஆசிரியை கேட்பார். இருக்க முடியும். அதை எப்படிச் சமாளிப்பது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தியாவில் 12 தோல் சிகிச்சை நிலையங்களில் முகத்தில் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வு, அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீரொய்ட் பூசிக்கொண்டிருந்ததைக் கண்டது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். பலருக்குக் காரணம் நிறமும் பருவும். தோல் மருத்துவர்கள் பல வருடங்கள் சத்தம் போட்ட பிறகு, 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 ஸ்டீரொய்ட் பூச்சுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

சரி, அந்தத் தாதியின் விரலுக்கு வருவோம். 1991இல், வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில், லோங், ஃபின்லே என்ற இரு தோல் மருத்துவர்கள் எழுதிய சிறிய கட்டுரையிலிருந்து அது வந்தது. நோயாளிக்குக் கிராம் கணக்குச் சொல்லிப் பயனில்லை, குளியலறையில் தராசு இல்லை, ஆனால் எல்லோரிடமும் விரல் இருக்கிறது. 5 மில்லிமீற்றர் வாயுள்ள ரியூப்பிலிருந்து, வளர்ந்த ஒருவரின் சுட்டு விரல் நுனி தொடங்கி முதல் மடிப்பு வரை பிதுக்கினால் வருவது ஒரு 'விரல் நுனி அலகு'. ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களைச் சேர்த்து நீட்டிய இரண்டு உள்ளங்கைகளின் பரப்பை மூட அது போதும். வளர்ந்த ஒருவரின் ஒரு கை, முன்னும் பின்னும், மணிக்கட்டு வரை: ஒரு அலகு. பாதம்: இரண்டு. முகமும் கழுத்தும்: இரண்டரை. முழுக் கால்: ஆறு. முதுகு: ஏழு. குழந்தையின் உடம்பு சிறிது, அதற்குத் தனிக் கணக்கு உண்டு, ஆனால் அளக்கும் விரல் எப்போதும் பெரியவரின் விரல்தான்.

இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. புது மருந்தில்லை, இயந்திரமில்லை. 1952இல் மருந்து வந்து 39 வருடங்களுக்குப் பிறகுதான், எவ்வளவு பூசுவது என்று சாதாரண ஆளுக்கு விளங்கும் மொழியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்கென்றால், நோபல் பரிசைவிட இந்தக் கட்டுரைமேல் மதிப்பு அதிகம்.

எங்கள் வீட்டுக் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். இரண்டு கைக்கு இரண்டு அலகு, ஒரு கிராம். மருத்துவர் எனக்கு எழுதியது ஒரு நாளைக்கு ஒரு தடவை, கரப்பன் அடங்கும் வரை. 30 கிராம் ரியூப் என்றால் முப்பது தடவைக்கு வரும். அம்மா அதை ஒரு வருடம் ஓட்டினார். அதாவது ஒவ்வொரு இரவும் தேவையானதில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த அளவில் மருந்து கரப்பனை அடக்கவில்லை. அடங்காததால் நிறுத்தவும் முடியவில்லை. சரியாகப் பூசியிருந்தால் இரண்டு கிழமையில் மூடி வைத்திருக்க வேண்டிய ரியூப்பை, தோல் மெலிந்துவிடும் என்ற பயத்தில் ஒரு வருடம் திறந்து வைத்திருந்தோம்.

என்னுடைய ரியூப் நடுத்தர வலிமை உள்ளது, பூசிய இடம் கை. உங்கள் ரியூப்பும் அதே மருந்தென்று நினைத்துவிட வேண்டாம். முகத்துக்கும் கண்ணிமைக்கும் இடுக்குகளுக்கும் மருத்துவர் வேறு மருந்து, வேறு நாட்கணக்குச் சொல்வார். அக்காவின் முகத்தைக் கெடுத்தது அளவு மட்டுமல்ல, இடமும் வலிமையும் மாதங்களும்தான். பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நீண்ட நாள் பூசி நிறுத்தியபின் வரும் எரிவைப் பற்றி 2021இல் எச்சரித்தது. 2024இல், மென்மையானது, நடுத்தரம், வலிமையானது, மிக வலிமையானது என்று எது எதுவென ரியூப்பிலேயே அச்சிடப்படும் என்று அறிவித்தது. ஒரே மாதிரி வெள்ளை ரியூப்புகள் அறுபது வருடங்களுக்கு மேல் ஓடிய பிறகு!

மருத்துவ நிலையத்திலிருந்து வந்த அன்று இரவு, அம்மா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ரியூப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டினார்.

"எந்த விரல் எண்டு சொன்னவ? உன்ரயோ, என்ரயோ?"

"பெரிய ஆக்களின்ர விரல் அம்மா. உங்கட."

தன் சுட்டு விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் தொடங்கி, நடுவில் ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்து, பிறகு மடிப்பு வரைக்கும் பிதுக்கினார்.

"இது ஒரு கைக்கு" என்றார். "மற்றக் கையையும் நீட்டு."